சுவருக்கு ஒரு படம்

அம்மாவுக்கு இதய ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று திருப்பதி டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. தன் முகம் ஒழுங்காகத் தெரிகிற படம் கைக்கு வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாளாம்.

காரணம் இல்லாமல் இல்லை. நகரியில் எங்களைப் போன்ற தறிக்காரர்கள் திருமலையில் முடி கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினால், ஸ்டுடியோவில் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அம்மாவிடம் இருந்த படமெல்லாம் அப்படி எடுத்தவைதான். எல்லாவற்றிலும் மொட்டை, சந்தனம், இறுக மூடிய கண். போன மாதம் பக்கத்து வீட்டு சென்னம்மா செத்தபோது, வேறு படம் இல்லாமல் மொட்டைப் படத்தைப் பெரிசாக்கி மாலை போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

"எனக்கும் மொட்டையத்தான் மாட்டுவீங்க. வர்றவங்க இது கோவிந்தம்மாள்னு எப்படிக் கண்டுபுடிப்பாங்க?"

இந்தக் காலத்தில் போன் இல்லாத வீடு ஏது? நானே எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன். போனைத் தூக்கினால் போதும், பல்லைப் பிடுங்க ஆள் வந்ததுபோல அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். கெஞ்சினேன், கத்தினேன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கடைசியில் சிரஞ்சீவியிடம் போனேன்.

சிரஞ்சீவி எங்கள் தெருவில் பவர்லூம் ரிப்பேர் பார்க்கிறவன். ஆள் உட்காருகிற அளவுக்குப் ப்ளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, உள்ளே பழைய போன் ஒன்றைப் பொருத்தி, கீழே கைத்தறியில் இருப்பதுபோல மிதிப்பலகை வைத்திருந்தான். திரையை இழுத்துவிட்டு மிதித்தால் படம் விழும். போனைக் கண்டால் விறைத்துப்போகிறவர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். காணிப்பாக்கம் திருவிழாவுக்கு அதை வேனில் ஏற்றிப் போனபோது தெருவே சிரித்தது. அவன் கவலைப்படவில்லை.

"எதிர்ல ஆளு நிக்கறதாலதான்க்கா மூஞ்சி மாறுது. அதான் ஆளே வேணாம்னு வெச்சிட்டேன்" என்றான் பெருமையாக.

ஒரு தரம் மிதித்தால் போதும் என்று அம்மாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லி உள்ளே அனுப்பினான். தறி மிதித்தே காய்த்த கால் ஒரு மிதியோடு நிற்குமா? டக் டக்கென்று மிதித்துக்கொண்டே இருந்தாள். குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடாத குறைதான். பெட்டியை உடைத்துவிடப் போகிறாள் என்று நான் திரையை இழுக்கப் போனேன். சிரஞ்சீவி தடுத்தான்.

"உடுக்கா. இப்பதான் பெரிம்மா நம்மள மறந்துக்கினு வருது."

உள்ளே அம்மா பேச ஆரம்பித்திருந்தாள். என்னைப் பற்றித்தான். இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இவள் மாமியார் வீட்டில் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று பெருமாளிடம் முறையிட்டாள். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. கால் மட்டும் நிற்கவில்லை.

போனில் விழுந்திருந்த முதல் படங்களில் கண் மூடியே இருந்தது. போகப் போகத் திறந்தது. கடைசியில் ஒரு படத்தில் எங்கள் அம்மா இருந்தாள். காதோரம் நரைமுடி பறக்க, யாரையோ திட்ட வாயெடுத்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிற அதே முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. விலை உயர்ந்த போனெல்லாம் வாங்கினோம். கேமராவின் பொத்தானை அம்மாவின் காலடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று இவன் ஒருவனுக்குத்தான் தோன்றியது. அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் மிதிப்பலகையின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் ஃப்ரேம் போட்ட படத்தைப் பீரோவில் வைக்கப் போனேன். உயிரோடு இருப்பவர் படத்தை எங்கள் வீட்டில் சுவரில் மாட்டுவதில்லை. அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தினி நாளா நீங்க பாத்துக்கினு இருந்த மூஞ்சி இதுதானா?"

ஆமாம் என்றேன்.

"நல்லாத்தான்டி இருக்கேன். இப்பவே மாட்டு. ஆபரேஷன் முடிச்சி வந்து நான் பாக்கணும்."

ஆணியை அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள்.