மெலேயின் சாட்சி

ஜெனோஷனின் குளிர்ச்சட்டை மூன்று வருடமாக வாசற்கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாரியில் எப்சிபாவின் சட்டைச் சிப் பழுதாகி, ஒரு வாரம் ஊசி குத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். அப்போதும் அம்மா அதைத் தொட விடவில்லை. “அது அண்ணான்ர. வந்தாப் போடுவான்” என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டாள். அந்தச் சட்டையைத்தான் 2009 டிசம்பர் ஐந்தாம் திகதி, விமான நிலையத்திலிருந்து வந்து வீட்டுக்குள் காலடி வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகாத ஒரு பெண்ணின் தோளில் அம்மா ரூத் போட்டுவிட்டாள். வந்தவள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது உண்மைதான்; காலில் சொக்ஸும் அதன்மேல் செருப்பும். ஆனாலும் எப்சிபாவின் வயிறு அன்றைக்கே எரியத் தொடங்கிவிட்டது.

வந்தவளின் பெயர் மெலே. வயது இருபத்தேழு. பசிபிக் கடலில் பத்தாயிரம் பேர் மட்டும் வாழும் ஒரு நாட்டுக்காரி. உலகப்படத்தில் அந்த நாட்டைவிட அதன் பெயர் எழுதியிருந்த இடம் பெரிது. கடல்மட்டம் ஏறினால் முதலில் போகப்போகிற நாடுகளில் அதுவும் ஒன்று என்றார்கள். காலநிலை மாநாட்டுக்கு அந்த நாட்டுத் திருச்சபை அவளை அனுப்பியிருந்தது. கோபன்ஹேகனில் ஹோட்டல்கள் நிரம்பிவிட்டதால், விருந்தாளிகளை வீடுகளில் வைத்திருக்க யாருக்கு விருப்பம் என்று பாஸ்டர் நேசராஜா சபையில் கேட்டபோது முதல் கை ரூத்தினுடையது. மே மாதத்துக்குப் பிறகு எதற்கும் கை உயர்த்தாதவள் ரூத்.

கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் மூன்றாம் மாடி வீடு. அப்பா இறந்து ஒன்பது வருடம். அம்மாவும் மகளும்தான். ஜெனோஷன் 2006இல் கிளிநொச்சியில் சபை நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்க ஆறு மாதத்துக்கென்று போனவன். பாதை பூட்டப்பட்டது, பிறகு சண்டை. கடைசியாக இந்த வருடம் ஏப்ரலில் போனில் கதைத்தான். மே மாதம் போர் முடிந்தது. முகாம் பட்டியல்களில் அவன் பெயர் இல்லை. இல்லாவிட்டால் என்ன, பட்டியலில் விடுபட்ட பெயர்கள் ஆயிரம் இருக்கும் என்பது ரூத்தின் கணக்கு.

எப்சிபாவுக்கு மட்டும் வேறொன்று தெரியும். மே இருபத்தொன்பதாம் திகதி, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து பேதுரு என்று ஒருவர் யாருடைய போனையோ இரவல் வாங்கி எடுத்தார். நாலு நிமிடம். ஜெனோஷன் பதினைந்தாம் திகதி ஷெல் பட்டு முடிந்தான் என்றும், தானும் இன்னொருவரும் நந்திக்கடல் பக்கமாகக் கிடங்கு வெட்டி, வெள்ளைச் சாரத்தால் சுற்றிப் புதைத்தோம் என்றும் சொன்னார். லைன் அறுந்துவிட்டது. எப்சிபா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். முதியோர் இல்லத்தில் மருந்துப் பெட்டிகளை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு மூன்றாம் தரமும் திறந்து பார்க்கிறவள். கண்ணாடி போட்டவனா என்று கேட்டேனா? உயரமான பெடியன் என்றாரே, உயரமான பெடியன்கள் எத்தனை பேர்? உறுதிப்படுத்திவிட்டு அம்மாவுக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். ஒரு வாரம் ஒரு மாதமாகி, அது ஏழு மாதமாகிவிட்டது. இனிச் சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டுக்குள்தான் மெலே வந்து சிரித்தாள். தங்கள் தீவின் முக்கியமான சாப்பாடு ஈரப்பிலாக்காய் என்று அவள் கையால் வடிவம் காட்ட, ரூத் கண்டுபிடித்துவிட்டு, “எங்கட ஊரிலயும் இருக்கு, பிள்ளை” என்று ஆங்கிலத்தையும் தமிழையும் குழைத்துக் கைகொட்டினாள். மே மாதத்துக்குப் பிறகு அம்மா சத்தமாகச் சிரித்ததை எப்சிபா அன்றுதான் கேட்டாள். ஏழு மாதமாக அவள் செய்து பார்க்காத வித்தை இல்லை. இவளோ ஒரு காயின் பெயரைச் சொல்லிச் சாதித்துவிட்டாள்.

புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் பாஸ்டர் நேசராஜா கண்ணை மூடிக்கொண்டு, இயேசுவின் நாமத்தில் பசிபிக் கடல் பின்னுக்குப் போகட்டும் என்று கட்டளையிட்டார். என்ன சொல்கிறார் என்று மெலே கேட்க, எப்சிபா சொன்னாள். கடலோடு தங்களுக்குக் கோபம் இல்லை, மீன் தருவதும் அதுதான், கடற்சுவர் கட்டச் சீமெந்துக் கப்பல் நேரத்துக்கு வர வேண்டுமென்று ஜெபித்தால் நல்லது என்று மெலே பதில் சொன்னாள். சபை சிரித்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டுச் சீமெந்துக்காக ஜெபித்தார். “கெட்டிக்காரப் பிள்ளை” என்றாள் ரூத், எப்சிபாவின் காதுக்குப் பக்கத்திலேயே.

பகலில் மெலே மாநாட்டுக்குப் போவாள். ஒருநாள் டெனிஷ் தொலைக்காட்சிச் செய்தியில் இரண்டு நிமிடம் வந்தாள். அண்ணாவின் குளிர்ச்சட்டையோடுதான் வந்தாள். ரூத் பக்கத்து ஊரான புரொண்பியில் இருக்கிற தமிழர் அத்தனை பேருக்கும் போன் எடுத்தாள். மேயில் எப்சிபாவும், போரை நிறுத்தக் கேட்டு நின்ற தமிழரோடு, நகரமண்டபச் சதுக்கத்தில் பதினெட்டு நாள், வேலை முடிந்து போய், ஜெனோஷனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அவர்களைச் சுற்றி ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். இப்போது அதே சதுக்கத்தில் வீடளவு பூமியுருண்டை வெளிச்சம் போட்டு நிற்கிறது. இவர்களுடைய தீவு போகப்போகிறது என்றவுடன் கமராக்கள் வருகின்றன, எங்களுடையது போனபோது எங்கே இருந்தார்கள் என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் எரிச்சல் குறையவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது வெள்ளிக்கிழமை நடந்தது. வேலை முடிந்து வந்த எப்சிபா வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே ரூத் மெலேயின் தலையைப் பின்னிக்கொண்டு, ஒருகாலம் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்துப் பழகிய ஆங்கிலத்தில் ஜெனோஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்தது, அவனுக்குப் பச்சைமிளகாய் ஒத்துக்கொள்ளாதது, இன்னும் வராதது. எப்சிபாவோடு அவனைப் பற்றி ஒரு வசனம் பேசாதவள். வாசலில் மகள் நிற்பதைக் கண்டதும், “சோறு அடுப்பில இருக்கு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் மெலே தன் தீவைப் பற்றிச் சாட்சி சொல்வதென்று தீர்மானமானது. மொழிபெயர்ப்பு எப்சிபா. அந்தச் சபையில் மொழிபெயர்க்கிறவர் பேசுகிறவரின் பக்கத்தில் நின்று, அவராகவே பேச வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்வதைப் பாஸ்டர் விரும்பமாட்டார். பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்க்கிறவரும் ‘நான்’.

சபை கூடுவது ஒரு டெனிஷ் தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில். அன்று மூன்று மணிக்கு, மாநாட்டுக்காக, நாட்டின் தேவாலயங்கள் முந்நூற்றைம்பது தடவை மணி அடிக்கப்போகின்றன என்று அறிவித்திருந்தார்கள். மணி ஓயும்வரை எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். எப்சிபா நூற்றுப்பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். மேயில் எங்களுக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை என்ற எண்ணத்தோடுதான் மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

முதலில் அவள் செய்தது சின்னக் களவுதான். மெலே மூன்று வசனம் சொன்னால் இவள் ஒன்று சொன்னாள். கிழங்குத் தோட்டத்துக்குள் உப்புத்தண்ணீர் வந்ததால் தகரப் பெட்டிகளில் மண் நிரப்பி, உயரத்தில் வைத்துப் பயிரிடுவதை மெலே அழகாகச் சொன்னாள். எந்தப் பெட்டியில் எந்தக் கிழங்கு என்று குழந்தைகள் சாயத்தால் எழுதி வைப்பதையும் சொன்னாள். எப்சிபா, “நாங்கள் பெட்டிகளில் பயிர் செய்கிறோம்” என்று முடித்தாள். முன்வரிசையில் ஆங்கிலம் தெரிந்த ரூத் நெற்றியைச் சுருக்கினாள். எப்சிபா அதைக் கண்டும் காணாதவள்போல் நின்றாள்.

பிறகு மெலே கல்லறைகளைப் பற்றிச் சொன்னாள். அவர்களுடைய சேமக்காலை கடற்கரையோரம். அலை அதை அரிக்கத் தொடங்கியதும் அரசாங்கம் ஒவ்வொரு கல்லறைக்கும் இலக்கம் போட்டது. கிளார்க் ஒருவர் வீடுவீடாக வந்து, உங்கள் ஆளை எங்கே கொண்டுபோக விருப்பம் என்று கேட்டு எழுதினார். மெலேயின் சகோதரன் நாற்பத்தோராம் இலக்கம். அவள் கையெழுத்து வைத்தாள். பிறகு அவன் எலும்புகளைப் பாயில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் உயரமான இடத்துக்குத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போனாள்.

சபையில் சிலருக்கு இதற்குள் கண் கலங்கிவிட்டது. அவர்கள் இன்னும் தமிழில் கேட்கவில்லை. மெலேயின் முகத்தைப் பார்த்தே கலங்கினார்கள். ரூத் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மெலேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்சிபாவின் முறை. இலக்கம், கையெழுத்து, கேட்டு எழுத வீட்டுக்கே வருகிற கிளார்க். இவ்வளவும் கிடைத்த ஒருத்திக்கு அம்மாவின் கண்ணீரும் வேண்டுமா?

“என்ர சகோதரனை எங்க புதைச்சது எண்டு எனக்குத் தெரியும்” என்று தொடங்கினாள். அதுவரைக்கும் சரி. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ‘நான்’ வாயில் இருந்தது, மைக் கையில் இருந்தது, எல்லோரும் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “வெள்ளைச் சாரத்தால சுத்தினவை. ரெண்டு பேர் கிடங்கு வெட்டினவை. களப்புப் பக்கம். அவருக்கு இலக்கம் இல்லை. ஒருத்தரும் வந்து என்னட்டக் கேக்கேல்லை. மே பதினைஞ்சாம் திகதி.”

சபை மெலேக்காகத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தது. திகதி வந்ததும் தலைகள் நின்றன. பாஸ்டர் நேசராஜா கதிரையிலிருந்து பாதி எழுந்து, எழுவதா இருப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். மெலே ஒன்றும் விளங்காமல் புன்னகையோடு அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தாள்.

ரூத் எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே, கடையில் விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

“ஆர் சொன்னது உனக்கு?”

“பேதுரு எண்டு ஒருத்தர். வவுனியா ஆஸ்பத்திரியில இருந்து.”

“எப்ப?”

“மே இருபத்தொன்பது.”

ரூத் விரல்களை மடித்தாள். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் என்று உதடு அசைந்தது. டிசம்பருக்கு வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஜெபம் பண்ணித்தானோ புதைச்சவை?”

அந்த நாலு நிமிடத்தை எப்சிபா இத்தனை மாதமாகக் குடைந்திருக்கிறாள்: கண்ணாடியைக் கேட்கவில்லை, உயரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, பேதுருவின் முழுப்பெயரைக் கேட்கவில்லை என்று. இந்தக் கேள்வி ஒருநாளும் அவளுக்கு வந்ததே இல்லை.

“தெரியாது, அம்மா. நான் கேக்கேல்லை.”

“அதைக் கேட்டிருக்கலாம் நீ” என்றாள் ரூத். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். பின்வரிசையில் யாரோ ஒருவர் அழத் தொடங்கினார். ரூத் அழவில்லை.

மெலே எப்சிபாவின் கையைத் தொட்டு, தான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று மெல்லக் கேட்டாள். ரூத்தே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: பிழை ஒன்றும் இல்லை, மிச்சத்தைச் சொல்லு பிள்ளை, உன் சகோதரனின் கதை பாதியில் நிற்கிறது. பிறகு மகளிடம் திரும்பினாள்.

“அந்தப் பிள்ளை சொன்னதை முதலில இருந்து சொல்லு. ஒண்டும் விடாமச் சொல்லு.”

இந்த எட்டு நாளும் அம்மா தன்னை மட்டும் பார்க்க வேண்டுமென்று எப்சிபா மனதுக்குள் கேட்டிருந்தாள். இப்போது ரூத் மெலேயைப் பார்க்கவே இல்லை. கண்ணிமைக்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்சிபாவால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. மைக்கின் வயரைப் பார்த்தாள், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தாள். அம்மாவின் பார்வை விலகவில்லை. எப்சிபா கிழங்குத் தோட்டத்துக்குள் உப்புத்தண்ணீர் வந்ததிலிருந்து மறுபடி தொடங்கினாள். தகரப் பெட்டிகளைச் சொன்னாள், குழந்தைகள் சாயத்தால் எழுதியதைச் சொன்னாள். கிளார்க் வந்த இடத்தில் குரல் இரண்டு தரம் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். “நாற்பத்தோராம் இலக்கம்” என்றாள். “நான் கையெழுத்து வைத்தேன்” என்றாள்.