குப்பாயி வீட்டுப் பாடு

1968 ஐப்பசியில் பழவேற்காடு ஏரி குப்பாயியின் வீட்டுக்குள் வந்தது. குப்பத்தில் மற்ற முப்பத்தொன்பது வீடுகளிலும் ஈரம்கூட இல்லை. காலையில் முழங்கால்வரை ஏறும், பொழுது சாய வடியும், வாசற்படி தாண்டி வெளியே வராது. அவள் புருஷன் வரதன் முகத்துவாரத்தில் படகோடு போய் அப்போது பதினாறு நாள். உடல் கிடைக்கவில்லை. குப்பாயி பேசுவதை விட்டாள், சோற்றை விட்டாள், கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ஜனங்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். புத்தி சொல்ல நம் ஆட்கள் கூலியா கேட்கிறார்கள்? பேய் என்றார்கள், பித்தம் என்றார்கள், வேப்பிலையால் அடித்தார்கள், அடித்த களைப்பில் வீட்டுக்குப் போய் வயிறு முட்டத் தின்றார்கள். எல்லாம் குப்பாயி காதில் விழுந்தது. தூ என்று துப்பத்தான் தெம்பில்லை.

வரதனின் அண்ணன் சடையப்பன் கும்மிடிப்பூண்டியில் உள்ள ஓர் இரும்புக் கம்பெனிக்குப் பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய் வருகிறவன். பேண்ட் போட்டவனுக்கு மானம் அதிகம் அல்லவா? தம்பி பெண்டாட்டி பைத்தியம் என்று தெரிந்தால் கம்பெனியில் தலைகாட்ட முடியாதாம். தூரத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் இப்படிப்பட்டவர்களைக் கட்டிவைப்பார்களாம், அங்கே கொண்டுவிடலாம் என்றான். சங்கிலியும் வாங்கி வந்துவிட்டான், கம்பெனியில் லீவு கிடைப்பதுதான் பாக்கி. வாழும் ஆசை விட்டுப்போனவள்தான். ஆனாலும் சங்கிலி கிணுங்கிய சத்தத்தில் குப்பாயி நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் தண்ணீரோடு இறால் வந்தது. விரல் நீளம், நாளுக்கு ஒரு கூடை. அதுவரை எட்டிப்பார்க்காத பெண்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்து, அவள் கட்டிலைச் சுற்றி மயிரைப் பிடித்து அடித்துக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் திருமலை ஏரியின் வழக்கத்தையே இங்கும் வைத்தார்: பாடு, அதாவது மீன்பிடிக்கிற முறை. சீட்டுப் போட்டு, நாளுக்கு ஒரு வீடு. ஒருத்தியின் பாட்டில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் அன்றைய பாடு பெற்ற பாட்டுக்காரி பொழுது சாயும்வரை எழக் கூடாது.

கருணை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். இறாலுக்குத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில் சும்மா எப்படி உட்காருவது? கொண்டுபோன கஞ்சியில் பாதியை நீட்டினார்கள். தலையில் சிக்கெடுத்தார்கள். புத்தி சொல்ல மறந்து சொந்த மாமியாரைத் திட்டினார்கள். மூன்றாம் மாதம் செல்லியம்மாளின் பாட்டில் குப்பாயி சுவரைவிட்டுத் திரும்பி, "உம் மாமியா அப்பவே அப்டித்தான்" என்றாள்.

சடையப்பன் சங்கிலியோடு வந்த அன்று ரத்னாவின் முறை. "இன்னிக்கி எம் பாடு, அண்ணா. உள்ள கால வெச்சா ஊர்க்கூட்டத்துல நிக்கணும்" என்றாள். மனுஷிக்காக மறிக்காத ஊர் இறாலுக்காக மறித்தது. அவன் திரும்பிப் போனான்.

1971-ல் இறால் நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் வந்தது. குப்பாயி சில நாள் அடுப்பு மூட்டுவாள், சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். அப்படித் திரும்பிக் கிடந்த ஒரு நாள் சடையப்பன் ஊரையே கூட்டி வாசலில் நிறுத்தினான். "எறா இல்லன்னா பாடு இன்னாத்துக்கு? வழிய வுடுங்க" என்றான். நியாயம் அவன் பக்கம். குப்பாயி கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைய பாட்டுக்காரி செல்லியம்மாள் வெறுங்கூடையோடு எழுந்து நின்றாள். ஒருவருக்கும் ஒரு கல் உப்பு இனாமாகக் கொடுத்தறியாத திருமலை கூடைக்குள் குனிந்து பார்த்தார். "நெறைய கீதே. உனக்கு இன்னா கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்றார். ரத்னா பார்த்தாள். "பெருசு பெருசா கீது" என்றாள். ஒவ்வொருவராக வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். சடையப்பன் கையை விட்டுத் துழாவினான். கையில் காற்றுதான் வந்தது. பொய்யில் இந்தக் குப்பம் என்றைக்குச் சளைத்தது? கடைசியில் குப்பாயி கட்டிலைவிட்டு இறங்கி, தண்ணீரில் நடந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"பொடி எறா" என்றாள். "இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது."

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் ஓர் இறால்கூட விழவில்லை. தண்ணீர் வருகிறது, போகிறது. பாடு நடக்கிறது. சடையப்பன் வீட்டு முறை வரும்போது அவன் பெண்டாட்டி காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறாள். பொழுது சாய, வெறுங்கூடையை இடுப்பில் வைத்து, பாரம் தாங்காதவளாக ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வீட்டுக்குத் திரும்புகிறாள்.