சாப்பிட்டு வாரேன்

கடையை விட்டுக் கிளம்புகிறவர் சொல்லும் ‘வாரேன்’ அந்தக் கடையிலேயே தங்கிவிடும் என்பதால், அதைப் பத்திரமாக வைத்திருப்பது கடைக்காரரின் பொறுப்பு என்று அரசாங்கம் விதி வகுத்திருந்தது. எலி கடிக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது, தரையில் போட்டு வைக்கக் கூடாது. சொன்னவர் திரும்பி வந்து வாசற்படியை மிதித்ததும் அது தானாகக் கரைந்துபோகும். வராதவர்களுடையது மட்டும் எலுமிச்சம்பழ அளவில், சொன்ன வாயின் சூட்டோடு, அப்படியே கிடக்கும்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. காலையில் உப்பு வாங்கியவர் சாயங்காலம் புளிக்கு வந்துவிடுவார். மேட்சிங் சென்டர் வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். சேலையைக் கொண்டுவந்து விரித்து, அலமாரியில் இருக்கிற ஜாக்கெட் துணியை எல்லாம் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வாய் கூசாமல் “பாத்துட்டு வாரேன்” என்று இறங்கிப் போகிறவர்களுக்கு கோவில்பட்டியில் பஞ்சமே இல்லை. அந்த ஊரில் மேட்சிங் சென்டர் நடத்தும் வடிவு, அப்படிப்பட்டவற்றைக் கூடை கூடையாக அள்ளி வைத்திருந்தாள்.

வடிவு விதி தப்பாதவள். ‘பாத்துட்டு வாரேன்’ ஒரு கூடை, ‘வீட்ல கேட்டுட்டு வாரேன்’ ஒரு கூடை என்று இனம் பிரித்து வைப்பாள். வாரம் ஒருமுறை காற்றாட விடுவாள். மூன்று வருஷம் தாண்டியவற்றை, வருஷா வருஷம் சோதனைக்கு வரும் ஆய்வாளர் முன்னால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, “வரமாட்டாக” என்று சொல்வாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அது பொசுக்கென்று அடங்கிப்போகும். சொல்வதற்கு அவளுக்குக் கொஞ்சமும் சங்கடம் இருந்ததில்லை. அவர்கள் வரமாட்டார்கள் என்பது போகும்போதே தெரிந்த விஷயம்தானே.

ஒன்றே ஒன்றை மட்டும் அவள் கூடையில் போடவில்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே எவர்சில்வர் கிண்ணத்தில், பட்டுத் துணி விரித்து வைத்திருந்தாள். அது பியூலாவுடையது.

வடிவும் பியூலாவும் சேர்ந்து தொடங்கிய கடை அது. போர்டில் இன்றைக்கும் ‘வடிவு பியூலா மேட்சிங் சென்டர்’ என்றுதான் இருக்கிறது. வடிவு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருவாள். பியூலாவுக்குச் சூடாகச் சாப்பிட வேண்டும், அதனால் மத்தியானம் தவசி மெஸ்சுக்குப் போவாள். ஒரு நாள் யாருக்கோ லைனிங் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு, கத்தரியை மேசைமேல் வைத்து, “சாப்பிட்டு வாரேன்ட்டி” என்று இறங்கிப் போனாள். இருவருக்கும் நடுவே சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. போனவள் வரவில்லை, அவ்வளவுதான். வாரேன் சொன்னவரைத் தேடிப் போவது அந்தச் சொல்லை நம்பாத குற்றம் என்று விதியில் இருந்ததால் வடிவு தேடிப் போகவும் இல்லை.

ஒண்டியாகக் கடை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. அவர்களும் கடையைப் பூட்டும்போது கடைக்குள் இருக்கும் யாரிடமாவது வாரேன் சொல்லித்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் கிளம்பினால் போனவர் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள், அப்புறம் அந்தக் கடைப் படி ஏற முடியாது. சாமி படத்திடம் சொல்வதை ஆய்வாளரின் துறை ஏற்பதில்லை, சாமி பதில் பேசாது என்பதால். வடிவு பியூலாவின் கிண்ணத்தைப் பார்த்துத்தான் தினமும் சொல்வாள். “வாரேன் பியூலா.” கிண்ணத்திலிருந்து அதே பழைய குரல் வரும். “சாப்பிட்டு வாரேன்ட்டி.” கூட்டாளியின் குரல் என்பதால் அது செல்லும். நாள் முழுக்க வடிவோடு பேரம் பேசாமல் பேசிய குரல் பெரும்பாலும் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதைக் கேட்பதற்காகவே சில நாள் சீக்கிரம் கடையைப் பூட்டியிருக்கிறாள்.

அந்த வருஷம் புதிதாக வந்த ஆய்வாளர் அறவாழி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிற ஆள். கூடைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, முன்னால் வந்தவர்கள் கண்ணில் படாத கிண்ணத்துக்கு வந்தார்.

“இது யாருதும்மா?”

“என் கூட்டாளியோடது சார். சாப்பிட்டு வாரேன்.”

எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டார். “இது ரொம்பப் பழசும்மா. மத்ததுக்குச் சொன்ன மாதிரி இதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

வடிவு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“சொல்லலேன்னா கடைய மூட வேண்டியிருக்கும்.”

“அவ சாப்பிட்டுட்டுத்தான சார் வாரேன்னு சொன்னா. இன்னும் சாப்பிட்டு முடிக்கலையோ என்னமோ.”

“இத்தனை வருஷமாவா?”

“அவ மெதுவாத்தான் சார் சாப்பிடுவா.”

அறவாழி யோசித்தார். ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுப் போனவருக்கு அந்தக் காரியம் முடியும்வரை கெடு கிடையாது. ‘பாத்துட்டு’ என்பது கண்ணை மூடினாலே முடிந்துவிடும், ‘வீட்ல கேட்டுட்டு’ என்பது அன்றைக்கு ராத்திரியோடு முடிந்துவிடும் என்று துறை முன்பே தீர்மானித்திருந்தது. சாப்பாட்டைப் பற்றி அப்படித் தீர்மானம் எதுவும் இல்லை.

“போய்ப் பாத்துருவோம்,” என்றார். “சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்கன்னா சரி. எந்திரிச்சுப் போயிருந்தா நீங்க சொல்லித்தான் ஆகணும். நான் கூட வர்றதால இது தேடுறதுல சேராது. பொருளையும் கையில எடுத்துக்குங்க.”

வடிவு கிண்ணத்தில் இருந்ததைப் பட்டுத் துணியோடு எடுத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவர் பின்னால் நடந்தாள். கடை போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் அங்கே காலி நாற்காலி இருந்தால் என்ன செய்வது என்று நினைத்து நின்று நின்று நடந்தாள். இத்தனை வருஷம் தேடாமல் இருந்தது விதிக்குப் பயந்தா, அந்த நாற்காலிக்குப் பயந்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

மெஸ்சில் ஜன்னலோர மேசையில் ஓர் இலை போட்டிருந்தது. சோறும் அவியலும் வாழைக்காய்ப் பொரியலும் கைபடாமல் இருந்தன. சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

“பியூலா அம்மாதான?” என்றார் மெஸ்காரர் தவசி. “வந்து உக்காந்தாக. எலை போட்டோம், சோறு வச்சோம். கை கழுவிட்டு வாரேன்னு பின்னால போனாக.” அவரும் விதி தெரிந்தவர். ஒரு தம்ளரில் பத்திரமாக வைத்திருந்த ‘கை கழுவிட்டு வாரேன்’ஐ எடுத்துக் காட்டினார். அதே குரல்தான்.

பின்பக்கம் போனார்கள். சுவரோரம் ஒரே ஒரு குழாய். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியில் யாரும் இல்லை. அறவாழி குனிந்து சோப்பைத் தொட்டார்.

“நுரை இருக்கு. கழுவிக்கிட்டுத்தான் இருக்காங்க,” என்று நிமிர்ந்தார். “இனிமேதான் சாப்பிடவே போறாங்க. உங்க பொருளுக்குக் கெடு இல்லம்மா.”

வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது, குழாயையா ஆய்வாளரையா என்று புரியவில்லை. “பியூலா” என்று மெல்லக் கூப்பிட்டாள். அறவாழி தொண்டையைச் செருமினார். சோதனையின்போது கூப்பிடக் கூடாது.

கடைக்குத் திரும்பியதும் அறவாழி தாமே உள்ளே போய், சுவரில் ஆணி தேடி, சோதனையில் தேறியதற்கான சான்றிதழை மாட்டினார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். “கடைக்கு ஒரு குறையும் இல்லம்மா. இந்தத் தெருவுல இவ்வளவு சுத்தமா வேற கடை இல்ல.”

வடிவு படியில் கால் வைக்கப் போனாள்.

“கிளம்பும்போது யார்கிட்ட வாரேன் சொன்னீங்க?”

வடிவு தன் கையைப் பார்த்தாள். சொல்வதற்கு இருந்த ஒரே ஆளை அவளே தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அதனால் சொல்லத் தோன்றவும் இல்லை.

“சொல்லலையே சார்.”

“அப்ப நீங்க போனவங்க,” என்றார் அறவாழி. குரலில் கண்டிப்பு இல்லை, வருத்தம்தான் இருந்தது. “கடைக்காரர் இல்லேன்னாலும் கடை நடக்கலாம். அதுக்குத் தடை இல்ல.”

அப்போதே ஒரு பெண் மயில் கழுத்து நிறச் சேலையோடு வந்தாள். வடிவைத் தாண்டி உள்ளே போய், சான்றிதழைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்து, தானே துணிகளை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எதுவும் சேரவில்லை. “பாத்துட்டு வாரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். விழுந்ததை அறவாழி எடுத்துச் சரியான கூடையில் போட்டார். அடுத்த கடைக்கு நேரமாகிவிட்டதால் அவரும் கிளம்பினார். அவர் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்கு அங்கே திரும்பி வரும் எண்ணம் இல்லை.

வடிவு தெருவில் நின்றாள். வெயில் உச்சியில் இருந்தது. ஊரில் அவளிடம் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர், கூடை கூடையாக. அவள் சொல்லிவிட்டு வர ஒரு வாசல் இல்லை. இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று நினைத்ததே இல்லை. கடைக்குள் இருந்தவரை அதற்குத் துணி மடிக்கிற வேலை என்று பெயர் இருந்தது. டிபன் பாக்ஸும் உள்ளே மாட்டிக்கொண்டது. பசித்தது.

மெஸ்சுக்கே நடந்தாள்.

“வாங்க தாயி,” என்றார் தவசி. எதுவும் கேட்காமல் பியூலாவின் இலைக்குப் பக்கத்திலேயே இன்னோர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். சோறு விழுந்தது. வடிவு உட்கார்ந்து, கையில் இருந்ததைப் பட்டுத் துணியோடு இரண்டு இலைகளுக்கும் நடுவே வைத்தாள். காலையிலிருந்து அதைப் பிடித்திருந்த கை வேர்த்துப் பிசுபிசுத்தது.

“கை கழுவிட்டு வாரேன் அண்ணாச்சி.”

தவசி குனிந்து அதைப் பொறுக்கி, தம்ளருக்குள் மற்றதன் பக்கத்தில் வைத்து மூடினார்.

பின்பக்கம், முன்பு யாரும் இல்லாதிருந்த குழாயடியில் இப்போது பியூலா குனிந்து நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நுரை.

“லைனிங் துணிச் சாயம்ட்டி, போகவே மாட்டேங்கு,” என்றாள். “கடைய யாரு பாக்கா?”

“யாரும் இல்ல. சான்றிதழ் இருக்கு.”

“அப்ப சரி,” என்ற பியூலா, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, சோப்பை அவளிடம் கொடுத்தாள்.