காயாத அறுவடை

"நான் கெளம்புறேன், லைல். சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் கோரின். பெட்டிகளைக் காரில் ஏற்றியாகிவிட்டது.

"இது காயட்டும். அப்புறம் சொல்றேன்," என்றான் அவள் கணவன், கிளைகளைக் கம்பியில் தலைகீழாக மாட்டிக்கொண்டே.

அன்று அவன் தொங்கவிட்ட கஞ்சாச் செடிகள் ஒன்பது வருடமாகியும் காயவில்லை.

ஈல் ஆற்றுக்கு மேலே அந்த மலையில் எல்லார் கொட்டகையிலும் பத்து நாளில் காய்ந்துவிடும். தண்டை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் கணக்கு. அது ஒடிகிறவரை அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. விளைச்சல் நல்லதா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், கல்யாணப் பேச்சைக்கூட ஒத்திப்போடுவார்கள். லைலும் அப்படித்தான் காத்திருந்தான். மின்விசிறி வைத்தான், விறகடுப்பு மூட்டினான், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கி வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டினான். இலை நுனியில் பனித்துளி அப்படியே நின்றது. நான்காம் வருடம் ஒரு தேனீ, உயிருள்ள செடி என்று நினைத்து வந்து தங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து வெர்ன் வந்து பார்த்து, "யோவ், எங்க மாமியாரே இதைவிடச் சீக்கிரம் வத்திட்டாங்கய்யா," என்றான். அப்புறம் கஞ்சாவை யாரும் வளர்க்கலாம் என்று சட்டம் வந்தது, விலை விழுந்தது, பாதிப் பேர் மலையை விட்டு இறங்கினார்கள். வெர்னும் போனான்.

காய்ந்த மொட்டுகளைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, தினம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றாட விடுவது கோரினின் வேலையாக இருந்தது. முகர்ந்து பார்த்து, "இன்னும் வைக்கோல் வாடை போகல," என்பாள். இப்போது ஜாடிகள் அறுபதும் காலி. லைல் ஒவ்வொரு காலையும் அறுபது மூடிகளையும் திறந்தான், முகர்ந்தான், மூடினான். அதன் பிறகுதான் காபி.

இந்த அக்டோபரில் கோரின் தன் தையல் மிஷினை எடுத்துப்போக வந்தாள். காரில் ஏற்றிவிட்டு, கை துடைக்கிற சாக்கில் கொட்டகைக்குள் நுழைந்தாள். பச்சைப் பசேலென்று தொங்கியதைப் பார்த்து அவள் வியப்படையவில்லை. ஒரு தண்டைப் பிடித்து வளைத்தாள். அது கயிறு மாதிரி வளைந்து நிமிர்ந்தது.

"இன்னும் காயலையா?"

"இல்ல."

விரலில் ஒட்டிய பிசினை அவள் முகர்ந்து பார்த்தாள். நல்ல வாசனை என்று முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை. கார் சாவியை எடுத்தாள்.

லைல் அந்தத் தண்டைப் பார்த்தான். இது காயாது. கடலிலிருந்து மூடுபனி ஏறுவதை யாரும் நிறுத்த முடியாதது போல, இதுவும் இப்படித்தான். முப்பது அறுவடை கண்டவன், தண்டு ஒடியும் முன்னே முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"கோரின், போகாத. என்கூட இங்கயே இரு."