சிலுப்பாத கிடா

லாயாங் லாயாங்ங்கிற ஊர்ல செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால, ரெண்டு ஏக்கர் நிலத்துல, நானும் என் வீட்டுக்காரர் மதிவாணனும் ஆடு மாடு கோழின்னு முப்பத்தஞ்சு உருப்படியைக் கட்டி மேய்க்கிறோம். எல்லாம் யாரோ வேணாம்னு விட்டது. வெள்ளத்துல மிதந்தது, முட்டை போடாத கோழி, கால் ஒடிஞ்ச வாத்து. "செல்வராணியக்கா புண்ணியவதி"ன்னு சொல்லி எறக்கிவிட்டுப் போயிடுவாங்க. ஒருத்தனாவது ஒரு கட்டுப் புல்லு கொண்டாந்திருப்பானா? சிகாமட் வெள்ளத்துல வந்த கன்னுக்குட்டி போன மாசம் என் மடியிலயே உயிரை விட்டுச்சு. அழுது முடிக்கல, வாசல்ல இன்னொரு லாரி ஹாரன் அடிக்குது.

டத்தோவும் அப்படி வந்தவன்தான். பட்டம் வாங்கின பெரிய மனுஷன் மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நடக்குற நடைக்கு அந்தப் பட்டத்தையே பேரா வச்சோம். கூலாய்ல இருக்குற ரூபேந்திரன், பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு முனியாண்டிக்கு நேந்துவிட்ட கிடா. பிள்ளை பொறந்துச்சு, கோயிலுக்கு ஓட்டிட்டுப் போனாங்க. தலையில மஞ்சத்தண்ணி ஊத்துனா ஆடு உடம்பைச் சிலுப்பணும். அப்பத்தான் சாமி ஒத்துக்கிச்சுன்னு வெட்டுவாங்க. மூணு தடவை ஊத்தியும் இவன் மரம் மாதிரி நின்னிருக்கான். சாமிக்கு வேணாமாம்னு பூசாரி சொல்ல, எங்கிட்ட கொண்டாந்து விட்டுட்டாங்க.

சாமிக்கு என்ன தெரியும்! காது ரெண்டும் சீழ் பிடிச்சு அடைச்சுக் கெடந்துச்சு. தண்ணி உள்ள போனாத்தானே சிலுப்பும்? பத்து மாசம் மருந்து ஊத்தினேன். ஊத்துறப்பல்லாம் என் இடுப்புல முட்டுவான். குணமான அன்னைக்குத் தீவனத் தகரத்தைத் தட்டினதும் காதை வெறைச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தான் பாருங்க, நான் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன்.

அடுத்த வாரமே ரூபேந்திரன் வந்து நிக்கிறான். பிள்ளைக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு நோவு வருதாம்.

"வேண்டுதல் பாக்கி நிக்குதுக்கா. நேந்துவிட்டது இவனைத்தான், வேற கிடா செல்லாது."

எனக்கு ஏறிடுச்சு. "அலமாக்! அன்னைக்கு வேணாம்னு சொன்ன சாமி இன்னைக்குக் கேக்குதா? இங்கயே ஊத்திப் பாரு. சிலுப்பினா ஓட்டிட்டுப் போ, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மதிவாணன் என் கையைக் கிள்ளினாரு. கோவத்துல எனக்கு ஒண்ணும் புரியல. ரூபேந்திரன் ஒரு செம்புத் தண்ணியை ஊத்தினான். டத்தோ தலையிலேருந்து வால் வரைக்கும் சிலுப்பினான். எங்க மூணு பேரு மேலயும் தண்ணி தெறிச்சுச்சு.

அப்பத்தான் உறைச்சுச்சு. காதைக் குணமாக்கினவளே நான்தானே!

"ராணி, சொன்ன சொல்லு..."ன்னாரு மதிவாணன்.

"சொன்னது நான்தான். மாத்திச் சொல்றதும் நான்தான். கொடுக்க மாட்டேன்."

ரூபேந்திரன் சண்டை போடல. "பிள்ளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா?"ன்னு மட்டும் கேட்டான்.

"ஆச்சுன்னா எனக்குப் போன் போடு!"

போட்டானே! சளின்னா போன். வயித்தால போனா போன். பல்லு முளைச்சாக்கூட போன். "நான் என்ன டாக்டரா லா?"ன்னு கத்திட்டு வச்சுடுவேன். அரை மணி நேரம் கழிச்சு நானே கூப்பிட்டு, "இப்ப எப்படியிருக்கு?"ம்பேன்.

போன வாரம் காய்ச்சல். கிளினிக் மருந்துக்கு இறங்கல. மூணாம் நாள் அவன் பொண்டாட்டி லோஷினி பேசினா. ஆட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கல, அழுதா, அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சாமியாவது கீமியாவதுன்னு பேசினவ நான். மறுநாள் காலையில, மதிவாணன் வேலைக்குப் போனதும், கொடுத்துடலாம்னு டத்தோவை வேன்ல வச்சுக்கிட்டுக் கூலாய்க்குக் கிளம்பிட்டேன்.

கேட்டைத் திறந்தவ லோஷினி. இடுப்புல பிள்ளை, பிள்ளை வாயில பிஸ்கட்.

"நேத்தே காய்ச்சல் விட்டுருச்சுக்கா. அவர் சொல்லலையா?"

"காய்ச்சல் வந்தா போன் போடத் தெரியுது, விட்டா போடத் தெரியாதாடி உங்களுக்கு?"

ரூபேந்திரன் வெளிய வந்தான். கயிறு என் கையில இருக்குறதைப் பாத்தான். "நீங்களே கொண்டாந்துட்டீங்களாக்கா?"ன்னான். அவன் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. பிள்ளை குனிஞ்சு டத்தோ காதைப் பிடிச்சு இழுத்துச்சு. டத்தோ பேசாம நின்னான்.

"இவன் பிள்ளையைப் பாக்கணும்னான், கூட்டிட்டு வந்தேன். பாத்துட்டான். வர்றோம்."

ரூபேந்திரன் வாயைத் திறக்குறதுக்குள்ள டத்தோவை ஏத்தி வேனைக் கெளப்பிட்டேன். வழி நெடுக டத்தோ பின்னாலேருந்து மூக்கை நீட்டி என் தோளை உரசிக்கிட்டே வந்தான். "தள்ளிப் போடா சனியனே"ன்னு திட்டினேன். கண்ணு மறைச்சுச்சு, ஓரமா நிப்பாட்டி நல்லா அழுதேன். காலையில நான் இழுக்கக்கூட இல்ல. வேன் கதவைத் திறந்ததும் தானாவே ஏறி உக்காந்தான், பாவி.