குடைக்காரம்மாவின் இடப்பக்கம்

நல்லாம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடைக்காரர் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். வயிறு மட்டும் இந்தக் காலத்து வயிறு. என் கணவர் காதர் மைதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சனி, ஞாயிறுன்னா ஊரு உலகத்துல கொடைக்கானல் போவாங்க. நீ என்னை எங்க கூட்டிட்டு வந்துருக்கே ஹமீதா?"

"பேசாம வாங்க. ஒரு நாள் வெயில் பட்டா ஒண்ணும் கரைஞ்சிட மாட்டீங்க" என்றேன்.

ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், எனக்கு மூன்று வயதாக இருந்தபோது 'கடைமடை மாப்பிள்ளை' என்று ஒரு படம் எடுத்தார்கள். இரண்டு வாரம்கூட ஓடவில்லை. உலகம் அதை மறந்துவிட்டது, ஊர் மறக்கவில்லை. வருஷா வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லோரும் அந்தப் படத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு வாய்க்கால்கரையில் கூடி, கதாநாயகன் மதகு திறக்கும் காட்சியை மறுபடி நடத்துகிறார்கள். படம் எடுத்த அன்றைக்குக் கூட்டத்தில் யார் எங்கே நின்றார்களோ, அந்த இடத்தில் அவர்கள் வீட்டு ஆள்தான் நிற்கவேண்டும். பட்டா நிலம் மாதிரி. அடுத்த வீட்டுக்காரர் அரையடி நகர்ந்து நின்றால்கூடச் சண்டை.

அந்தக் காட்சியில் என் உம்மா இருக்கிறாள். என்னை டாக்டரிடம் காட்ட அதிராம்பட்டினத்திலிருந்து வந்தவள், திரும்பிப் போகும் பஸ் ஹாரன் அடித்ததும் கேமராவுக்குக் குறுக்கே நடந்துவிட்டாளாம். அடுத்த வருஷம் இறந்துபோனாள். எங்கள் வீட்டில் போட்டோ எடுக்கும் வழக்கம் கிடையாது. அவள் முகம் எனக்குத் தெரியாது. "உங்க உம்மா ஒரு அவசரக்காரி. புள்ளைய தரதரன்னு இழுத்துட்டு ஓடி சினிமாவையே கெடுத்தா" என்று மாமி சொன்னது மட்டும்தான் என்னிடம் இருந்தது. நாற்பத்து மூன்று வருஷமாக அந்த இழுபடும் கையோடுதான் இருக்கிறேன். ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

தெரு முழுக்கப் பாவாடை தாவணியும் பெரிய காலர் சட்டையுமாக மிதந்தது. காற்றில் ஈரமண் வாசனை. வேஷம் கட்டியவர்களைச் சொந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், அது சட்டம். ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரையே "இன்ஜினியர் சார், சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் நடந்து வந்த மயக்கமோ என்னவோ, இன்றைய தேதி என்ன என்று யாராவது கேட்டால் தவறாகச் சொல்லியிருப்பேன்.

யார் இடம் எது என்று நோட்டில் எழுதி வைத்திருப்பவர் துரைக்கண்ணு. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"குடைக்காரம்மா பொண்ணா நீங்க!"

தன் போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். பதினோரு வினாடி. மதகு ஏறுகிறது, நுரையோடு தண்ணீர் பாய்கிறது, கூட்டம் கத்துகிறது. நடுவில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருத்தி கறுப்புக் குடையோடு குறுக்கே போகிறாள். அவள் இடக்கையைப் பிடித்தபடி ஒரு மஞ்சள் கவுன், நான்தான். முகத்தைக் குடை மறைத்திருந்தது. திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் குடைதான். ஏமாற்றத்தில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"தப்பா வந்ததை வெட்டி எறிய வேண்டியதுதானே? எதுக்கு வச்சிருந்தாங்க?"

"எப்படிம்மா வெட்டுறது? காஞ்ச வாய்க்கால்ல மொதத் தண்ணி ஒரு தடவைதான் பாயும். அதுக்கு ரீடேக் கிடையாதே."

வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் குடையோடு வந்து நின்றாள். பிரகதீஸ்வரி, பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவள். உம்மாவுக்கு இங்கே சொந்தம் யாரும் இல்லாததால், பன்னிரண்டு வருஷமாக இவள்தான் குடைக்காரம்மா.

"முகத்தைத் தேடாதீங்கக்கா" என்றாள். "குடை எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க."

மூன்றாவது தடவை பார்த்தேன். குடை முழுக்க இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மஞ்சள் கவுன் இருட்டாகத் தெரியும் அளவுக்கு அதன் மேல் நிழல். உம்மாவின் துப்பட்டி வெயிலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் ஓடவுமில்லை. மூன்று வயதுக் காலுக்குத் தக்கபடி சின்னச் சின்ன அடியாக வைத்துப் போகிறாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

துரைக்கண்ணு நோட்டைப் புரட்டிக் காட்டினார். 'குழந்தை, மஞ்சள் கவுன். வெளியூர். இடம் காலி.'

"அந்த இடத்துல வேற புள்ளைய விடுறதில்லம்மா. அது உங்க இடம்."

"வெறுங்கையத்தான்க்கா இத்தன வருஷமா புடிச்சிட்டு நடக்கறேன்" என்றாள் பிரகதீஸ்வரி. "இன்னிக்கி வாங்களேன்."

"எனக்கு நாப்பத்தாறு வயசு. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"அன்னிக்கும் சிரிச்சாங்க."

வேஷம் இல்லாமல் கரையில் இறங்கக் கூடாதென்று துரைக்கண்ணு ஒரு மஞ்சள் ரிப்பனைத் தேடி எடுத்துவந்தார். காதர் மைதீன் அதை வாங்கி என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். அவிழாதபடி இரண்டு முடிச்சுப் போட்டார்.

பதினோரு மணிக்கு மதகு ஏறியது. வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் சருகையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்தது. ஊர் ஓவென்று கத்தியது. எங்கேயோ பஸ் ஹாரன் அடித்தது. பிரகதீஸ்வரி என்னைத் தன் இடப்பக்கம் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், சின்னச் சின்ன அடியாக.

கூட்டம் சிரித்தது. "ஹமீதா!" என்று பின்னாலிருந்து என் கணவர் கூப்பிட்டார். சட்டப்படி நான் திரும்பவில்லை. பக்கத்தில் அவள் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது. நான் அழுதுகொண்டே நடந்தேன். என் மேல் ஒரு பொட்டு வெயில் படவில்லை.