நடைவழிச் சண்டை

நடைவழிச் சண்டையைப் படமாக்கிய ஒன்பதாம் நாள், காலை பதினொன்றே காலுக்கு, ஒட்டுப்பலகையில் செய்த செட் கதவு திறக்காமல் போனது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கதாநாயகனுக்காக அடிப்பவர். எல்லோரும் அவரை டூப் என்றே அழைத்தார்கள். இன்னொருவர் எதிரிகள் அத்தனை பேருக்காகவும் அடி வாங்குபவர். எங்கே தள்ளினாலும் சத்தமில்லாமல் விழுவதால் அவருக்கு மெத்தை என்று பெயர். தச்சர்கள் கதவை அறுத்தார்கள். பின்னால் இன்னொரு கதவு இருந்தது. நாற்பத்தொரு கதவுகளை அறுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். செட்டுக்குக் கூரை கிடையாது. டூப் கயிற்றைப் பிடித்துச் சுவரில் ஏறினார். அவர் ஏறிய அளவுக்குச் சுவரும் ஏறியது. இறங்கியதும் பழைய எட்டடிக்கு வந்து நின்றது. அன்று முதல் வாளியில் சாப்பாடு இறக்கினார்கள்.

கதவு அடைத்துக்கொண்ட மூன்றாம் நாளே சண்டை மாஸ்டர் காரணத்தைச் சொல்லிவிட்டார். கதைப்படி, ஜெயித்தவன்தான் கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும். கதவு இந்தச் சண்டையை இன்னும் நம்பவில்லை. ஆகவே தினமும் சண்டை போட்டார்கள். மாஸ்டர் உதைகளைக் கூட்டினார், குறைத்தார், கண்ணாடி உடைத்தார், ரத்தம் பூசினார், வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார். கதவு அசையவில்லை. கதாநாயகன் வேறு படங்களுக்குப் போனார். தயாரிப்பாளர் இரண்டு முறை மாறினார். வெளியே டூப்புக்கு மகள் பிறந்தாள். ஏணி மேலிருந்து அவளைக் காட்டினார்கள்.

ஆறாம் ஆண்டு, தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த டூப்பின் மனைவி ஏணியில் நின்று ஒரு சண்டையை முழுதாகப் பார்த்தாள்.

"உங்க கை அவரு மேல படவே இல்ல. அவரும் அடி வர்றதுக்கு முன்னாடியே விழுந்துடறாரு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டிருக்கீங்க. கதவு என்ன முட்டாளா?"

ஒரு விரற்கடை இடைவெளி விடுவதுதான் அவர்கள் தொழில். கேமராவுக்கு அது தெரியாது. கதவோ பக்கவாட்டில் இருந்தது. ஆறு வருஷமாக அது இடைவெளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

தொழிற்சாலை வேறு ஊருக்குப் போகிறது, மாதக் கடைசியில் தாங்களும் போக வேண்டும் என்றாள். "நம்ம பொண்ணு உங்கள சினிமால வர்ற ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

நிஜமாக ஒரே ஒரு அடி என்று டூப் கேட்டார். மெத்தை உடனே சம்மதித்தார். ஆனால் டூப்பின் கை தானாக நின்றது. நிற்காதபோது மெத்தை ஏற்கெனவே விழுந்திருந்தார். இப்படியே மூன்று வாரம் போயிற்று. மெத்தைக்கு வெளியே யாரும் இல்லை என்பதும், வாளி வந்ததும் பெரிய பங்கை அவர் டூப்புக்குத் தள்ளிவிடுவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மனைவி மூட்டை கட்டிய அன்று, மெத்தை கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"நீ போயிட்டா நான் இங்க யாரு கூட பேசறது? விடமாட்டேன்."

சொல்லிவிட்டு டூப்பின் வாயில் குத்தினார். ஒரு பல் விழுந்தது. அது நடிப்பா இல்லையா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. வழி விடுங்கண்ணே என்று டூப் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்காமல் அடித்தார். இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. தன் வாழ்நாளில் முதன்முறையாக மெத்தை அடி பட்ட பிறகு, சத்தத்தோடு விழுந்தார். கதவு திறந்தது.

டூப் அவரைத் தூக்கப் போனார். தோள் தரையை விட்டு எழும்பியதுமே கதவு மூடத் தொடங்கியது.

"தூக்காத தம்பி. நான் எந்திரிச்சா சண்டை இன்னும் முடியலன்னு அர்த்தம். நீ போ."

டூப் போனார், தச்சர்களோடும் ஒரு பலகையோடும் திரும்பி வந்தார். படுத்தபடியே நகர்த்தினால் கதவு ஒன்றும் சொல்லவில்லை. மூவராகப் போக வேண்டியவர்கள் புது ஊருக்கு நால்வராகப் போனார்கள். விலா ஆறு வாரத்தில் கூடியது. அதன் பிறகு ஒரு நாள் தும்மல் வந்து மெத்தை முழங்கையை ஊன்றி எழுந்தார். வீட்டு வாசல் ஒட்டுப்பலகையாகி அரைமணி நேரம் அடைத்துக்கொண்டது. அதிலிருந்து படுத்துக்கொண்டே தும்முகிறார். கூடத்தில்தான் அவருக்கு இடம். விருந்தாளிகள் பார்த்துத் தாண்டிப் போகிறார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் சிறுமி செருப்பை மாட்டிக்கொண்டே, "பெரியப்பா, நான் போற வரைக்கும் எந்திரிச்சுடாதீங்க" என்பாள். சரி என்பார்.